35-ஆம் விசை

புனே நகரின் பெயரை மராத்தியில் தட்டச்சு செய்ய இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் விரல் போகும் வழி இதுதான்: முதலில் ஆங்கில ‘எச்’ பொறித்த விசை, அடுத்து ‘ஜி’, பிறகு ஷிஃப்டை அழுத்தியபடி ‘சி’, கடைசியாக ‘எஸ்’. மராத்தியர்கள் அந்த ஊரை மூன்று சுழி ‘ண’ போட்டுத்தான் சொல்வார்கள். திரையில் தேவநாகரியில் ‘புணே’ வந்து நிற்கும்.

இப்போது அதே கணினியில் மொழியை மட்டும் தமிழுக்கு மாற்றுங்கள். அதே விசைகளை அதே வரிசையில் அழுத்துங்கள். தமிழில் ‘புணே’ வரும். விரல் இம்மியளவும் தடம் மாறவில்லை, எழுத்து மட்டும் மாறிவிட்டது.

அப்படியென்றால் விசையை அழுத்தும்போது கணினிக்குள் போவது எது? மராத்தி எழுத்தா, தமிழ் எழுத்தா, விசையின் மேல் அச்சிட்டிருக்கும் ஆங்கில எழுத்தா? இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். லினக்ஸ் இயங்குதளத்தில் அதற்கு ஒரு சன்னல் உண்டு.

லினக்ஸில் கருவிகளும் கோப்புகளாகத்தான் தெரியும். ‘டெவ்’ என்ற அடைவுக்குள் ‘இன்புட்’ என்றொரு அடைவு. அதற்குள் ‘ஈவென்ட்0’, ‘ஈவென்ட்1’ என்று வரிசையாகக் கோப்புகள். மவுஸுக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, லேப்டாப்பை மூடித் திறப்பதைச் சொல்லும் உணரிக்குக்கூட ஒன்று. செக் நாட்டு நிரலாளர் வோய்டெக் பாவ்லிக் உருவாக்கிய இந்த ஏற்பாடு, 2001-இல் வெளியான லினக்ஸ் 2.4 கெர்னலிலேயே (இயங்குதளத்தின் உட்கரு) இருந்தது. நிர்வாகி உரிமையோடு டெர்மினலைத் திறந்து, ‘ஹெக்ஸ்டம்ப்’ என்ற கட்டளையால் விசைப்பலகையின் கோப்பைப் படிக்கச் சொன்னால் முதலில் ஒன்றும் நடக்காது. கோப்பு காத்திருக்கும். ‘எச்’ விசையைத் தொட்டதும் எண்கள் கொட்டும்.

பார்க்கக் குப்பைபோல் தெரியும் அந்த எண்களுக்குக் கச்சிதமான ஒழுங்கு இருக்கிறது. இன்றைய 64-பிட் கணினிகளில் ஒவ்வொரு பதிவும் 24 பைட். முதல் 16 பைட்டில் இருப்பது நேரம்: 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை வினாடி கடந்தது, அதற்கு மேல் எத்தனை மைக்ரோ வினாடி என்ற கணக்கு. மிச்சமுள்ள 8 பைட்டில்தான் சேதி. ‘எச்’ விசைக்கு அது இப்படி இருக்கும்:

01 00 23 00 01 00 00 00

இதை மூன்று துண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். முதல் இரண்டு பைட் நிகழ்வின் வகை. 1 என்றால் விசை. அடுத்த இரண்டு பைட் எந்த விசை என்பது. இங்கே இருக்கும் 23, பதினாறின் அடிமானத்தில் எழுதிய எண். இரண்டு பதினாறும் ஒரு மூன்றும் சேர்ந்தால் 35. கடைசி நான்கு பைட், என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது. 1 என்றால் அழுத்தினார்கள், 0 என்றால் விரலை எடுத்தார்கள், 2 என்றால் இன்னும் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். சிறிய மதிப்புள்ள பைட்டை முன்னால் எழுதுவது இந்தக் கணினிகளின் வழக்கம். அதனால்தான் 23 முதலிலும் 00 பின்னாலும் வருகின்றன.

இந்தப் பதிவு தனியாக வருவதில்லை. விசைப்பலகை தன் பாஷையில் சொன்ன குறியீடு முன்னால் ஒரு பதிவாகவும், ‘இத்தோடு முடிந்தது’ என்ற அடையாளம் பின்னால் ஒரு பதிவாகவும் வரும். அழுத்தும்போது மூன்று, எடுக்கும்போது மூன்று. ஒரே ஒரு எழுத்தைத் தட்ட 144 பைட்!

‘ண’வுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். 42 அழுந்தியது, 46 அழுந்தியது, 46 விடுபட்டது, 42 விடுபட்டது. 42 என்பது இடப்பக்க ஷிஃப்ட், 46 என்பது ‘சி’. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் வேறு எழுத்து வரவேண்டும் என்ற சங்கதி இந்தக் கோப்பில் எங்குமே இல்லை. எந்த விசை, எப்போது, அழுந்தியதா விடுபட்டதா என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இந்த 35 எங்கிருந்து வந்தது? 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையிலிருந்து. எஸ்கேப் விசைக்கு 1 என்று தொடங்கி இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக எண் போட்டுக்கொண்டே வந்தார்கள். ‘க்யூ’வுக்கு 16, ‘ஏ’வுக்கு 30, ‘எச்’சுக்கு 35. யுஎஸ்பி விசைப்பலகைகளில் எண்முறையே வேறு. அங்கே ஆங்கில அகரவரிசைப்படி ‘ஏ’ 4, ‘எச்’ 11. ஆனாலும் கெர்னல் அந்த 11-ஐ வாங்கி 35 என்று மாற்றித்தான் மேலே அனுப்புகிறது. எந்தக் கம்பெனியின் விசைப்பலகையைச் செருகினாலும் மேலே இருக்கும் நிரல்களுக்கு அது 35-தான்.

எண்ணை எழுத்தாக்குவது அதற்கு மேலுள்ள அடுக்கு. அங்கே ஒவ்வொரு மொழிக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. 35-க்கு நேரே ஆங்கில அட்டவணை ‘எச்’ என்கிறது. மராத்தி அட்டவணை தேவநாகரிப் ‘ப’வைத் தருகிறது. தமிழ் இன்ஸ்கிரிப்ட் அட்டவணை தமிழ்ப் ‘ப’வைத் தருகிறது.

இந்த ஒற்றுமைக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. மத்திய அரசின் மின்னணுத் துறை 1986-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான விசைப்பலகை அமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. அதுதான் இன்ஸ்கிரிப்ட். 1988-இல் அதைத் திருத்தினார்கள். 1991-இல் அது இந்தியத் தர நிர்ணயத்தில் இடம்பெற்றது. அதே 1988-இல் புனேயில் தொடங்கிய நிறுவனம்தான் சி-டாக். விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் பரம் 8000 சூப்பர் கணினியை உருவாக்கிய நிறுவனம் என்றுதான் பலரும் அதை அறிவார்கள். கான்பூர் ஐஐடியில் பிறந்த ‘ஜிஸ்ட்’ மொழித் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்து, இந்திய எழுத்துகளைச் சாதாரணக் கணினித் திரைகளுக்குக் கொண்டுவந்ததும் அதே சி-டாக்.

இன்ஸ்கிரிப்டின் ஆதாரமான யோசனை எளிமையானது. இந்திய எழுத்துகளின் உருவங்கள் வேறுவேறு. அவை நிற்கும் வரிசை கிட்டத்தட்ட ஒன்று. உயிரை இடக்கைக்கும் மெய்யைப் பெரும்பாலும் வலக்கைக்கும் கொடுத்துவிட்டால், ஒரு மொழியில் பழகிய விரல் இன்னொரு மொழியிலும் வழி தெரிந்து போகும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடிலும் இந்த ஒழுங்கு தொடர்கிறது. தேவநாகரிப் ‘ப’வின் எண் 2346, தமிழ்ப் ‘ப’வின் எண் 2986. வித்தியாசம் 640. தேவநாகரிக் ‘க’ 2325, தமிழ்க் ‘க’ 2965. அங்கும் 640. தேவநாகரியில் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவே இன்னும் மூன்று ககரங்கள் உண்டு. தமிழுக்கு அவை தேவையில்லை; அந்த மூன்று இடங்களும் தமிழ்ப் பகுதியில் காலியாகவே விடப்பட்டிருக்கின்றன.

தமிழுக்கென்றே யோசித்துச் செய்த அட்டவணையும் நம்மிடம் இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு அறிவித்த தமிழ்99. அதில் 35-ஆம் விசை ‘ப’ தராது, ‘க’ தரும். கீழே போகும் 24 பைட்டின் அமைப்பில் ஒரு மாற்றமும் கிடையாது.

இவ்வளவு வெளிப்படையான கோப்பு என்பதாலேயே லினக்ஸ் அதைப் பூட்டி வைக்கிறது. நிர்வாகியும் அதற்கென உள்ள குழுவினரும் தவிர வேறு யாரும் அதைப் படிக்க முடியாது. கடவுச்சொல்லைத் தட்டும்போதும் இதே எண்கள்தான் இதே வழியில் போகின்றன. இதைப் படிக்கத் தெரிந்த கள்ள நிரல் ஒன்று நுழைந்துவிட்டால் நம் ரகசியம் முழுவதும் அதன் கையில்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது ஒன்று. கணினி ஆங்கிலத்துக்கென்று பிறந்தது, மற்ற மொழிகள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விசையின் மேல் பொறித்த எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கெர்னலின் வாசலில் உட்கார்ந்து பார்த்தால் ஆங்கிலமும் அங்கே வெறும் 35-ஆகத்தான் வந்து இறங்குகிறது. அதுவும் தன் அட்டவணையைப் புரட்டித்தான் எழுத்தாகிறது. லினக்ஸில் அந்த அட்டவணைகள் யாரும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண உரைக்கோப்புகள். படுகரோ, தோடரோ, வேறு எந்த மொழிக்காரரோ நாளை தங்கள் மொழிக்கு ஒன்று எழுத நினைத்தால் கெர்னலில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லை. 35-க்கு நேரே எந்த எழுத்து என்று அவர்கள் கூடி முடிவு செய்தால் போதும்.