பங்குக் கோயில்கள் – 9: இரண்டு கூடம், ஒரே பீடம்

மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் கோபுரமும் மணியும் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் வடக்கன்குளத்துத் திருக்குடும்பக் கோயிலின் தரையமைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது.

வழக்கமான பங்குக் கோயில் ஒரு நீண்ட கூடம். சில ஊர்களில் சிலுவை வடிவம். 1872இல் எழுந்த இந்தக் கோயிலிலோ கூடங்கள் இரண்டு. தனித்தனி வாசல்களில் தொடங்கி, சாய்வாக நெருங்கிவந்து, ஒரே பீடத்தில் முடிகின்றன. பார்த்தவர்கள் கால்சட்டைக் கோயில் என்றார்கள். ஒரு கூடம் வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. பீடம் எல்லோர் கண்ணிலும் படும். பக்கத்துக் கூடத்தில் முழந்தாளிட்டிருப்பவர் மட்டும் படமாட்டார். பூசைக்கு இடையூறு இல்லாமல் மனிதரை மனிதரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கொத்தனார் அதைச் சுண்ணாம்பிலும் கல்லிலும் பிசகில்லாமல் செய்து கொடுத்திருக்கிறார். தமிழ்நாட்டுக் கோயில் கட்டடங்களில் இவ்வளவு வெளிப்படையான சாட்சியம் வேறொன்றை நான் அறியேன்.

இத்தனைக்கும் இது தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியதற்காகவும் பழிக்கப்பட்டு, 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். அதே 1745இல் புதுச்சேரிக் கோயிலிலும் ஒரு சுவர்த் தகராறு. பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்துவைத்த சுவரைக் காரைக்கால் பாதிரியார் எதிர்த்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதை விரித்தால் இந்தப் பக்கம் போதாது. தனி அத்தியாயமாக வரும்.

வடக்கன்குளத்தில் பிரிவுச் சுவரை 1910இல் இடித்தவர் சேசு சபைக் குரு அதிரியான் கௌசானல், பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர் சபையைத் தொடங்கியவர். வேளாளர் தரப்பு சுவரைத் திரும்பக் கட்டித்தரக் கேட்டு நீதிமன்றம் போனது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை ஏறி, 1916இல் தோற்றது. கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கோரும் உரிமையைச் சட்டம் ஏற்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இந்தக் கதை விரிவாக உண்டு, தேடிப் படியுங்கள்.

பங்குக் கோயில் என்றாலே கோபுர உயரத்தையும் வண்ணக் கண்ணாடியையும் பேசுகிறோம். ஊர் எப்படி வாழ்ந்தது என்பதைத் தரையமைப்புதான் சொல்கிறது: எத்தனை வாசல், யார் எந்த வாசலில் நுழைந்தார், கல்லறைத் தோட்டம் எங்கே பிரிகிறது. பழைய கோயிலை இடித்துக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டும்போது முதலில் அழிவது இந்தச் சாட்சியம்தான்.

மணிகள் அடுத்த வாரம். அதற்குள், உங்கள் பங்கில் புதுக் கோயில் பேச்சு நடந்தால், இடிப்பதற்கு முன்பு பழையதை நாடா பிடித்து அளந்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். வாசல்களை மறக்காமல் குறியுங்கள்.