தொழிலே காட்சியாகும் கரிசல் நகரங்கள்

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கோ குற்றாலத்துக்கோ செல்லும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் விருதுநகர் மாவட்டத்தைக் கடந்து செல்கின்றனரே தவிர, அங்கே தங்குவதில்லை. தீபாவளிக்கு முன் சிவகாசியில் பட்டாசு வாங்குவதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைத் தரிசித்துப் பால்கோவா வாங்குவதும் முடிந்துவிட்டால், அம்மாவட்டத்தில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை என்பதே பொதுவான எண்ணம். கடற்கரையும் மலைவாசத்தலமும் இல்லாத இந்த வறண்ட நிலப்பகுதியில் காணத்தக்கவை வேறு வகையைச் சேர்ந்தவை. சந்தையும் அச்சகமும் தறியும் பால் காயும் அடுப்பும் இங்கே காட்சிகளாக இருப்பதால், அவற்றைப் பார்க்க விரும்புவோர் அந்தந்தத் தொழிலின் நேரத்துக்கும் பருவத்துக்கும் தம்மைப் பொருத்திக்கொண்டு ஆற அமரச் சுற்ற வேண்டியிருக்கிறது.

அதிகம் பேசப்படாத தொழில் நகரங்களில் நிதானமாக நடந்து திரிவது உலகின் பல பகுதிகளிலும் ஏற்கெனவே நிலைபெற்றுள்ள பயண முறையாகும். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஈப்போ நகரம், கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களால் வளர்ந்து, 1985-இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தபோது தன் பொருளாதார அடித்தளத்தை இழந்தது. அந்நகரின் பழைய கடைவீடுகளையும் காப்பிக்கடைகளையும் காணவே இன்று பயணிகள் அங்கே செல்கின்றனர். தொழில் ஓய்ந்த பின்னர் அதன் கட்டடங்கள் காட்சியாயின என்பது ஈப்போவின் கதை; விருதுநகர் வட்டாரத்திலோ தொழில் இன்னும் ஓயவில்லை என்பதால், பயணி காண்பது எச்சங்களை அன்று, நடப்பைத்தான்.

நிலமும் இருப்புப்பாதையும்

பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985 மார்ச் 15 அன்று பிரிக்கப்பட்டு, காமராசர் மாவட்டம் என்ற பெயரில் தொடங்கி, 1997-இல் தலைநகரின் பெயரையே பெற்ற இம்மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் நிலமாகும். ஈரத்தில் இளகியும் வெயிலில் ஆழமாக வெடித்தும் போகும் இக்கரிய மண்ணில் பருத்தி, மிளகாய், மல்லி, கம்பு, பயறு வகைகள் போன்ற மானாவாரிப் பயிர்கள், அதாவது மழையை மட்டுமே நம்பி விதைக்கப்படும் பயிர்கள், விளைகின்றன. வானம் பொய்க்கும் ஆண்டுகளில் நிலத்தை நம்பியிருக்க முடியாத மக்கள் வணிகத்துக்கும் கைத்தொழிலுக்கும் திரும்பியதே இவ்வட்டார நகரங்களின் வளர்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது.

நிதானப் பயணத்துக்கு உகந்த தொடக்க இடம் விருதுநகர் ரயில் சந்திப்பாகும். மதுரையிலிருந்து வரும் பாதை இங்கிருந்து மூன்றாகப் பிரிந்து, ஒன்று திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கும், மற்றொன்று சாத்தூர் வழியாகத் திருநெல்வேலிக்கும், இன்னொன்று அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரைக்கும் செல்கிறது. விருதுநகரிலோ சிவகாசியிலோ தங்கிக்கொண்டு நாளுக்கொரு தடமாகச் சென்று வந்தால், மாவட்டத்தின் முக்கியமான ஊர்கள் அனைத்தையும் அலைச்சலின்றிப் பார்த்துவிடலாம்.

விருதுநகர்: விலை பேசும் ஊர்

விருதுபட்டி என்று வழங்கிவந்து 1923-இல் விருதுநகர் ஆன இந்நகரில் வத்தல், மல்லி, பருப்பு வகைகள், எண்ணெய் ஆகியவற்றின் மொத்த வணிகம் நடைபெறுகிறது. 15 கிலோ கடலை எண்ணெய் டின்னும் குவிண்டால் கணக்கில் துவரையும் உளுந்தும் வத்தலும் என்ன விலைக்குப் போயின என்று தமிழ் நாளிதழ்கள் வெளியிடும் 'விருதுநகர் மார்க்கெட்' நிலவரம், மாநிலத்தின் பல ஊர் மளிகைக்கடைக்காரர்களுக்கு அன்றாட அளவுகோலாக இருந்துவருகிறது. காலை வேளையில் கமிஷன் மண்டிகள், அதாவது விவசாயிக்கும் வாங்குபவருக்கும் இடையே நின்று தரகுக்குச் சரக்கை விற்றுத் தரும் கடைகள், நிறைந்த தெருக்களில் நடப்பவர், வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே முண்டு வத்தலையும் சம்பா வத்தலையும் வடிவத்தால் வேறுபடுத்திக் காணக் கற்றுக்கொள்ளலாம்: முன்னது உருண்டையாகவும் தடித்த தோலுடனும் இருக்கும், பின்னது நீண்டு ஒல்லியாக இருக்கும்.

இச்சந்தையின் பின்னே நிற்கும் சமூக ஏற்பாடு மகமை எனப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் மாட்டுவண்டிகளில் சரக்கேற்றிச் சென்ற நாடார் வணிகர்கள், வழிப்பறிக்கு அஞ்சி வண்டிகளையும் மாடுகளையும் சரக்கையும் பாதுகாப்பாக நிறுத்துவதற்குப் பேட்டைகளை அமைத்தனர். அவற்றில் நிறுத்தப்படும் சரக்கின் மீது விதித்த சிறு தொகையைப் பொதுநிதியாகத் திரட்டிக் கோயில்களையும் கிணறுகளையும் பள்ளிகளையும் நடத்தினர். விருதுநகரின் ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் ஒரு பிடி அரிசி சேர்த்துக் கொடுக்கும் வழக்கமும் துணைநின்றது. கோயில் நுழைவு உரிமையை ஒட்டி எழுந்த பகை 1899-இல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது என்பதையும், 1910-இல் நாடார் மகாஜன சங்கம் உருவானது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், இந்த ஊர்களின் பள்ளிக் கட்டடங்களும் தெப்பக்குளமும் கடைவீதியும் ஒரே வரலாற்றின் வெவ்வேறு பகுதிகள் என்பது விளங்கும்.

அந்தப் பிடியரிசிப் பள்ளியில் படித்து, இடையிலேயே படிப்பை விட்டுத் தாய்மாமனின் துணிக்கடைக்குச் சென்ற காமராசர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து பள்ளிக் கல்வியையும் மதிய உணவையும் விரிவுபடுத்தினார். அவர் வாழ்ந்த வீடு நகரின் நெருக்கமான தெரு ஒன்றில் அரசு நினைவு இல்லமாகப் பராமரிக்கப்படுகிறது. அவர் முதலமைச்சராக இருந்தபோதே, அவருடைய சொந்த ஊரின் தேசபந்து மைதானத்தில்தான், சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27 அன்று தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கினார். கோரிக்கை நிறைவேறாமலேயே அக்டோபர் 13 அன்று அவர் உயிர் பிரிந்தது. மாநிலத்தின் பெயர் 1969-இல்தான் மாறியது. நினைவு இல்லமும் மைதானமும் நடக்கும் தொலைவில் இருப்பதால், ஒரே காலைப் பொழுதில் இரண்டையும் பார்ப்பது ஒரு காலத்தின் இரு முகங்களைச் சேர்த்துப் பார்ப்பதாகும்.

மாலையில் விருதுநகரின் கடைகள் வேறொரு காரணத்துக்காக நிறைகின்றன. விசிறி மடித்துச் சுற்றிய மாவை, விளிம்பு உயர்ந்த அகன்ற கல்லில் ஊற்றிய எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொன்னிறமாகப் பொரித்தெடுக்கும் எண்ணெய் பரோட்டா இவ்வூரின் அடையாளமாகும். அதை நொறுக்கிச் சால்னா ஊற்றி ஊறவிட்டு உண்பதே இங்குள்ள வழக்கம்.

சிவகாசி: பார்க்கக் கூடியதும் கூடாததும்

விருதுநகரிலிருந்து அரை மணி நேர ரயில் தொலைவிலுள்ள சிவகாசியின் தொழில் வரலாறு, 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பியதிலிருந்து தொடங்குகிறது. மழை குறைந்த, ஈரப்பதம் தாழ்ந்த வானிலை தீக்குச்சி மருந்து உலர்வதற்கு ஏற்றதாக இருந்ததால் தொழில் வேரூன்றியது. இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றதும், 1940-இல் வெடிபொருள் விதிகளின் கீழ் உரிம முறை வந்ததும் பட்டாசு ஆலைகள் பெருக வழிவகுத்தன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக் கட்டுக்கும் வண்ண லேபிள்கள் தேவைப்பட்டமையால் அச்சுத்தொழில் அதன் பின்னே வந்தது. இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்த மூன்று தொழில்களும் இன்றும் ஒரே நகரில் இயங்குகின்றன. நாட்டின் பட்டாசு உற்பத்தியில் சுமார் 90 விழுக்காடு இவ்வட்டாரத்தைச் சேர்ந்தது என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது.

பட்டாசு ஆலை ஒன்றைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்கும் பயணிக்கு உரிய விடை, கூடாது என்பதேயாகும். மருந்துக் கலவை, அதாவது வெடியுப்பு, கந்தகம், அலுமினியத்தூள் முதலியவற்றைக் கலக்கும் பணி, உராய்வாலும் நிலைமின்சாரத்தாலும் தீப்பற்றும் இயல்புடையது என்பதால், ஆலைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்ட சிற்றறைகளாகக் கட்டப்பட்டு, ஒவ்வோர் அறையிலும் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பதற்கு விதிகள் வரம்பிட்டுள்ளன. அந்த வரம்புகள் மீறப்படும்போது நேர்வது என்ன என்பதற்கு 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேரைப் பலிகொண்ட விபத்து சான்றாகும். முதல் வெடிப்புக்குப் பின் உதவவும் பார்க்கவும் ஓடிச் சென்ற சுற்றுவட்டார மக்களே உயிரிழந்தோரில் பெரும்பாலோர் என்பது, இவ்விடங்கள் வேடிக்கை பார்ப்பதற்கானவை அல்ல என்பதற்குப் போதுமான காரணம். பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் 2018-இல் விதித்த தடையையும், அதைத் தொடர்ந்து வந்த பசுமைப் பட்டாசு முறையையும், அவற்றால் தொழிலாளரின் வேலைநாள்களில் ஏற்பட்ட மாற்றத்தையும் அறிய விரும்புவோர், தேநீர்க்கடையிலும் சில்லறைப் பட்டாசுக் கடையிலும் நிதானமாகப் பேச்சுக்கொடுத்தாலே பலவற்றைத் தெரிந்துகொள்ள முடியும்.

அச்சுத்தொழிலின் நிலை வேறு. நாட்காட்டி நிறுவனங்களின் விற்பனைக்கூடங்களில் மறு ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை எவரும் புரட்டிப் பார்க்கலாம். ஆடிப்பெருக்கன்று பூசையிட்டு இம்மாதிரிகளை வெளியிடுவது தொழில் மரபாக இருப்பதால், ஆடியிலேயே சிவகாசியில் அடுத்த ஆண்டு தொடங்கிவிடுகிறது. நல்ல நேரமும் ராகு காலமும் சூலமும் அச்சிட்ட தினசரித் தாள், அதற்கு மேலே தெய்வப்படம், அதன் அடியில் கடையின் பெயர் என்ற அமைப்பில் தமிழ் வீடுகளின் சுவர்களுக்குச் செல்லும் இந்நாட்காட்டிகளின் தெய்வ உருவங்களுக்கு முன்மாதிரி வகுத்தவர்களுள் முதன்மையானவர், அருகிலுள்ள கோவில்பட்டியில் ஓவியக்கூடம் நடத்திய கொண்டையராஜு (1898–1976) ஆவார்.

பெருமாளும் பால்கோவாவும் மலை அணிலும்

சிவகாசி மாநகராட்சியோடு 2021-இல் இணைக்கப்பட்ட திருத்தங்கல், 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் கோயிலைத் தன் குன்றின் மேல் கொண்டுள்ளது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையிலேயே இடம்பெறும் அளவுக்கு இவ்வூர் பழமையானது. அங்கிருந்து மேற்கே செல்லும் தடத்தில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரம் ஊருக்கு வெளியிலிருந்தே கண்ணில் படும். தமிழ்நாடு அரசின் இலச்சினையிலுள்ள கோபுரம் இதுவே என்று பரவலாகக் கொள்ளப்படுகிறது. ஆண்டாளின் கையிலுள்ள கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. மரவள்ளி இலைகளை உடலாகவும் மாதுளம்பூவை அலகாகவும் அமைத்துக் கட்டும் அக்கைவேலையைக் கூர்ந்து பார்க்காமல் கூட்டத்தோடு நகர்ந்துவிடுவோரே மிகுதி.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் அகன்ற இரும்புச் சட்டியில் பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர்த்து, அடி பிடிக்காமல் நீண்ட கரண்டியால் இடைவிடாது கிண்டி, நீர் வற்றித் திரளும் பதத்தில் இறக்கும் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளின் பெயருக்கும் அது விளையும் இடத்துக்குமுள்ள தொடர்பைச் சட்டப்படி காக்கும் அடையாளமே புவிசார் குறியீடு. ஊருக்கு மேற்கே செண்பகத்தோப்பை ஒட்டித் தொடங்கும் காடு, 1988-இல் சாம்பல் நிற மலை அணில் சரணாலயமாகி, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாக உள்ளது என்பதால், வனத்துறை அனுமதிக்கும் இடங்களுக்கும் நேரங்களுக்கும் உட்பட்டே அங்கே செல்ல முடியும்.

மற்ற இரு தடங்கள்

சாத்தூர் தடத்தில் காராச்சேவும் வெள்ளரிக்காயும் பெயர்பெற்றவை; பந்துமுனைப் பேனாவின் வரவால் நலிந்த பேனா நிப்புத் தொழிலும் இவ்வூருக்குரியது. அருகே அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் உள்ளது. வைப்பாற்றின் கரையிலேயே வெம்பக்கோட்டை அருகே 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொருள்களும் மிகுதியாகக் கிடைத்தன என்பது, கைத்தொழில் இந்நிலத்துக்கு நேற்று வந்ததன்று என்பதைக் காட்டுகிறது.

மானாமதுரைத் தடத்தில் கைத்தறி நெசவுக்குப் பேர்போன அருப்புக்கோட்டை, 1977 தேர்தலில் எம்.ஜி.ஆர். வென்று முதலமைச்சரான தொகுதியாகும். அதற்கு அப்பால், குண்டாற்றின் கரையிலுள்ள திருச்சுழியில் திருமேனிநாதர் கோயிலும், 1879 டிசம்பர் 30 அன்று ரமண மகரிஷி பிறந்த வீடும் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

எப்போது செல்வது

மாசி முதல் சித்திரை வரை புது வத்தல் சந்தைக்கு வரும். பங்குனியில் விருதுநகர் மாரியம்மனுக்கும் சித்திரையில் சிவகாசி பத்ரகாளியம்மனுக்கும் பொங்கல் விழாக்கள் நடைபெறும் என்பதால், வெயிலைப் பொறுத்துக்கொள்வோர்க்கு அதுவே சந்தையும் விழாவும் சேர்ந்து வரும் பருவம். ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆடிப்பூரத் தேரும், இருக்கன்குடித் திருவிழாவும், சிவகாசியின் நாட்காட்டி வெளியீடும் ஒரே மாதத்தில் அமைகின்றன. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிவகாசிச் சாலைகள் பட்டாசு வாங்க வருவோரால் நிரம்பிவிடும்; தீபாவளி முடிந்ததும் ஆலைகள் விடுமுறை விட்டுச் சில வாரங்கள் கழித்தே பூசையிட்டு மீண்டும் பணியைத் தொடங்கும். நகரின் வேகத்தைக் காண விரும்புவோர் முன்னதையும், கூட்டமின்றிக் கோயிலும் கடைவீதியும் பார்க்க விரும்புவோர் பின்னதையும் தேர்ந்துகொள்ளலாம். எந்தப் பருவமானாலும், காலைச் சந்தைக்கும் மாலைப் பரோட்டாக் கடைக்கும் இடைப்பட்ட உச்சிவெயில் நேரத்தை ஓய்வுக்கோ ரயில் பயணத்துக்கோ ஒதுக்கிவிடுவதே கரிசல் நிலத்துக்கு ஏற்ற திட்டமாகும்.