மொரீஷியஸுக்கு வேலைக்குப் போறீங்களா? மூலக்குளத்திலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

"மொரீஷியஸில் வேலை, பத்து நாளில் கிளம்பணும்" என்று உங்க வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கா? வேலை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனா மூலக்குளத்தை விட்டுப் புறப்படும் முன் ஒண்ணைத் தெரிஞ்சுக்கோங்க. வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் பத்தாம் வகுப்பு முடிக்காதவங்க வேலைக்குப் போகணும்னா, குடிபெயர்வு அனுமதி வாங்கணும். ஒப்பந்தமும் காப்பீடும் சரியா இருக்கான்னு அதில் அரசு பார்க்கும். மொரீஷியஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு அலைச்சல் மிச்சம்தான். ஆனா உங்க ஒப்பந்தத்தை இங்கே உங்களைத் தவிர வேற யாரும் படிக்கப் போறதில்லை.

முதல் பொறி விசாவில் இருக்கு. சுற்றுலாவுக்குப் போகும் இந்தியர்கள் அங்கே இறங்கினதும் கட்டணமில்லாமல் 60 நாள் வரை தங்க அனுமதி கிடைக்கும். "அதுல போயிடுங்க, வேலை பெர்மிட்டை அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னா, அதோட பேச்சை நிறுத்திடுங்க. சுற்றுலாவாகப் போய் வேலை செய்வது அங்கே குற்றம். சாதாரண வேலைகளுக்கு முதலாளிதான் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கணும். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்க.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது சம்பளம் எந்த ரூபாயில் என்பது. அங்கேயும் பணத்துக்குப் பேர் ரூபாய்தான்! சமீப காலமாக ஒரு மொரீஷியஸ் ரூபாய், நம்ம பணத்தில் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருக்கு. போனில் "முப்பதாயிரம்" என்று சொன்னது எந்த முப்பதாயிரம்னு எழுத்தில் இல்லைன்னா, பாதிச் சம்பளமே போயிடும். 2019ஆம் ஆண்டு தொழிலாளர் உரிமைச் சட்டப்படி அங்கே வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. ஆண்டு முடிவில் போனஸும் சட்டப்படி உண்டு. தங்குமிடம், சாப்பாடு, திரும்பி வரும் டிக்கெட் யார் செலவு என்பதும் அதில் இருக்கணும். கையெழுத்துப் போட்டதும் படம் எடுத்து டிஜிலாக்கரில் ஏத்திட்டு, வீட்டில் ஒருத்தருக்கும் அனுப்பிடுங்க.

ஏஜென்ட் மூலம் போறவங்க, இ-மைக்ரேட் தளத்தில் அவர் பேர் பதிவாகியிருக்கான்னு தேடிப் பாருங்க. இரண்டு நிமிஷ வேலை. பதிவு பெற்றவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். "லட்சம் கொடுத்தா சீக்கிரம்" என்பதற்கு ரசீது கேட்டுப் பாருங்க, ஆள் காணாமப் போயிடுவார்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கு எம்-பாஸ்போர்ட் சேவா செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். பட்டம், திருமணச் சான்று போன்றவற்றுக்கு அப்போஸ்டில் முத்திரை கேட்பாங்க. அது ஒரே நாளில் முடியாது, முதலில் தொடங்குங்க.

நிறையப் பேர் மாட்டிக்கிறது போன் நம்பரில். வங்கி, ஆதார், பி.எஃப். எல்லாமே உங்க இந்திய நம்பருக்குத்தான் ஓடிபி அனுப்பும். அந்த சிம்மை வெளிநாட்டிலும் எஸ்எம்எஸ் வரும்படி ரோமிங் போட்டு, ரீசார்ஜ் விடாம வச்சிருங்க. நம்பர் ஒரு தடவை போயிட்டா, ஆதாரில் புது நம்பரைச் சேர்ப்பது பெரிய அலைச்சல். நீங்க வெளிநாட்டுவாழ் இந்தியர் ஆனதும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாத்தணும். அங்கே சம்பாதிச்சதை அனுப்ப என்ஆர்இ கணக்கு வசதி. 2024 பிப்ரவரி 12 முதல் மொரீஷியஸில் யுபிஐ இருக்கு. முதல் சில நாள் செலவுக்கு உதவும், ஆனா எல்லாக் கடையிலும் எதிர்பார்க்காதீங்க.

பெட்டியில் மிக்ஸி வைக்கலாம். மின்னழுத்தம் நம்மைப் போலவே 230 வோல்ட். ஆனா சுவரில் இருப்பது தட்டையான மூணு முனை பிரிட்டிஷ் பிளக், அதுக்கு அடாப்டர் வேணும். விதை, நாற்று, பழம் மட்டும் அனுமதி இல்லாமக் கொண்டு போகாதீங்க. முருங்கைக் கீரையும் கறிவேப்பிலையும் அங்கேயே கிடைக்கும். முருங்கைக்கு "மூரும்"னு பேர், கறிவேப்பிலைக்கு "கரிப்பூலே". 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே, போர்ட் லூயி நகரத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்தும் கைவினைஞர்களை வரவழைச்சார். நம்ம சொற்கள் அன்றிலிருந்து அங்கே இருக்கு. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் எண்ணும் பார்ப்பீங்க, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. அதுக்காகத் தமிழ் பேசினால் போதும்னு நினைக்க வேண்டாம். பிள்ளை, வீரப்பன் என்று பேர் வச்சிருக்கிற பலருக்கும் வீட்டில் கிரியோல்தான். பள்ளியில் பிரெஞ்சு படிச்சவங்க, அந்தப் பழைய புத்தகத்தைத் தூசி தட்டுங்க.

அடுத்தது புயல். இதைக் கவனமாப் படிங்க. நமக்குத் துறைமுகக் கூண்டு 1 முதல் 11 வரை. 3ஆம் எண் ஏத்தினா யாரும் கடையைச் சாத்துறதில்லை. மொரீஷியஸில் மொத்தமே நாலு வகுப்புதான். அங்கே "வகுப்பு 3" என்றால், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வரப்போகுது, வெளியே வராதே என்று அர்த்தம். 4 என்றால் அந்தக் காற்று வீச ஆரம்பிச்சிடுச்சு. நவம்பரிலிருந்து மே வரை புயல் காலம். வகுப்பு 2 அறிவிச்சதுமே தண்ணீர், பிஸ்கட், டார்ச், பவர் பேங்க் தயாரா இருக்கட்டும். எண் சின்னதா இருக்குன்னும் வெளியே சுத்தாதீங்க. 2024 ஜனவரி 15 அன்று, பெலால் புயலின்போது போர்ட் லூயித் தெருக்களில் கார்களையே வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சு. தானேயும் ஃபெஞ்சலும் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சம்பளம் வரலை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சிட்டாங்க என்றால், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் தளத்தில் புகார் பதியலாம். வீட்டில் இருக்கிறவங்களே உங்களுக்காகப் பதிய முடியும். போர்ட் லூயியில் இந்தியத் தூதரகம் இருக்கு, அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிப் பிரிவும் இருக்கு. அவசர மருத்துவ உதவிக்கு அங்கே 114. பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களின் நகலை இன்றைக்கே அம்மாவோ மனைவியோ வைத்திருக்கும் போனுக்கு அனுப்பி வச்சிடுங்க, புகார் பதியும்போது முதலில் கேட்பது அந்த எண்தான்.