மலைப்பாதை வண்டியில் இருக்கையை உயர்த்துதல்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி. அங்கு ஏறும் மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் சாலையின் விளிம்பைத் தெளிவாகக் காணல் வேண்டும். இருக்கை தாழ்ந்திருப்பின் அது மறைந்துவிடும். ஆதலால் உயரம் குறைந்தோர் சிலர் தலையணையையோ மடித்த போர்வையையோ இட்டு அமர்வதுண்டு. வளைவில் அது நழுவுமாயின் வண்டியின் கட்டுப்பாடே தவறக்கூடும். இருக்கையின் நுரையைத் திருத்தியமைப்பதே தக்க வழியாகும்.

இரப்பர்ப் பாலைக் கடைந்து நுரையாக்கிப் பதப்படுத்தும் முறை 1929இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தில் உருவாயிற்று. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர்தம் குழுவினரும் பாலியுரித்தேனைக் கண்டறிந்தனர். இன்றைய வண்டி இருக்கைகளில் பெரும்பாலானவை இந்நுரையால் ஆனவை. தென்னை நாரின்மீது இரப்பர்ப் பாலைத் தெளித்து அழுத்திச் செய்யும் நார் மெத்தையும் கேரளத்தில் உற்பத்தியாகிறது.

நுரையின் அடர்த்தி வேறு, விறைப்பு வேறு. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் நுரையின் எடை. அது மிகுந்தால் நுரை நெடுநாள் உழைக்கும். விறைப்பு என்பது நுரையை அமுக்கத் தேவையான விசை. மென்மையான நுரையை 5 சென்டிமீட்டர் கூட்டினாலும், அது பாதியளவு அமுங்கினால் கிடைக்கும் உயரம் 2.5 சென்டிமீட்டரே. எனவே விறைப்பான நுரையையோ நார் மெத்தையையோ அடியில் வைத்து, மென்மையான மெல்லிய நுரையை அதன்மேல் அமைத்தல் வேண்டும். கீழடுக்கு உயரத்தைத் தரும். மேலடுக்கு உடலின் பளுவைப் பரப்பும். தொடையின் அடிப்பகுதி அழுந்தாதிருக்க முன்விளிம்பைச் சரிவாகச் சீவுதல் நலம்.

தடித்த நுரை குலுக்கல் அனைத்தையும் போக்கும் என்று எண்ணுதல் தவறு. அமர்ந்திருக்கும் உடல், விநாடிக்கு 4 முதல் 6 வரையிலான செங்குத்து அதிர்வுகளுக்கு மிகவும் இசைந்து ஆடும். நுரையிருக்கை அவ்வதிர்வுகளைத் தணிப்பதற்கு மாறாகப் பெருக்கவும் கூடும். அதனினும் விரைவான அதிர்வுகளையே அது நன்கு தணிக்கும். ஆகவே கரடுமுரடான பாதையில் முதுகெலும்பைக் காப்பதற்கு மெதுவாக ஓட்டுதலே முதற்கண் தேவை.

இருக்கையை உயர்த்தியபின், வண்டியை நிறுத்தி வைத்தே சிலவற்றைச் சோதித்தல் வேண்டும். கிளட்ச்சையும் பிரேக்கையும் முழுவதுமாக மிதிக்க இயலுகிறதா? தலைக்கும் கூரைக்கும் இடைவெளி உள்ளதா? இருக்கை வார் இடுப்பெலும்பின்மீது படிகிறதா? பக்க அணைப்பு தாழ்ந்து, வளைவுகளில் உடல் சரிகிறதா? இவற்றுள் ஒன்று பிழைப்பினும் உயரத்தைக் குறைத்தல் வேண்டும். இருக்கையில் காற்றுப்பையோ எடையுணர் கருவியோ உள்ள வண்டிகளில் நுரையைத் தாமே வெட்டலாகாது. தயாரிப்பாளரின் பணிமனையை நாடுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே விளக்கலாம். ஒரே தடிமனுள்ள இருவகை நுரைத் துண்டுகளின்மீது புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஒவ்வொரு முறையும் அமுங்கும் அளவை மாணவர் அளந்து வரைபடமாக்கட்டும். எடை ஏற ஏற எத்துண்டு தன் உயரத்தைக் காக்கிறது என்பதை அவர்களே கண்டறிவர்.