அடிஷாம் பங்களா
அப்புத்தளை, பதுளை மாவட்டம்
கட்டி முடித்த ஆண்டு: 1931

தேயிலை, வணிகத் துறைகளில் செல்வாக்குப் பெற்றிருந்த சேர் தோமஸ் வில்லியர்ஸ் தம் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு இது. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக இருந்தவர் அவர். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள அடிஷாம் என்ற ஊரின் பெயரையே வீட்டுக்கும் சூட்டினார்.

செதுக்கிய கருங்கற்களை அடுக்கி எழுப்பிய சுவர்களைப் பாருங்கள். உயர்ந்த புகைபோக்கிகள், ஒடுங்கிய சிறு கோபுரங்கள், நீண்டு குறுகிய சன்னல்கள் ஆகியவை இங்கிலாந்தின் டியூடர் காலக் கட்டடப் பாணியைச் சேர்ந்தவை. கென்ட்டிலுள்ள லீட்ஸ் கோட்டை இதற்கு முன்மாதிரி. கூரைக்கான தேக்குப் பலகை ஓடுகள் பர்மாவிலிருந்து வந்தவை. மலைக்குளிரைத் தாங்க அறைகளில் கணப்படுப்புகள் அமைக்கப்பட்டன.

வில்லியர்ஸ் தாயகம் திரும்பியபின் வீடு கைமாறியது. 1961 முதல் இது புனித பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக உள்ளது. வரவேற்பறையும் நூலகமும் பழைய தளபாடங்களுடன் பேணப்படுகின்றன. பார்வையாளர்கள் அவற்றைக் காணலாம். துறவிகள் தயாரிக்கும் பழ ஜாம் வகைகளும் பானங்களும் இங்கு விற்பனைக்கு உண்டு.

இது துறவிகள் வாழும் மடம். அமைதி காக்கவும். சுவர்களில் பெயர் கீற வேண்டாம்.