பக்கவிளைவைச் சொல்லாமல் விடலாமா?

மனச்சோர்வுக்கான மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ‘இது தூக்க மாத்திரைதானே டாக்டர், பழகிப்போய்விடுமா?’ தூக்க மாத்திரை வேறு, மனச்சோர்வு மாத்திரை வேறு என்று விளக்கி முடிப்பதற்குள் அடுத்தவர் கதவருகே வந்து நிற்கிறார். வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் பக்கவிளைவுகளைப் பற்றிய பேச்சுதான் முதலில் அடிபட்டுப்போகிறது. சொன்னால் பயந்துபோய் மாத்திரையைத் தொடமாட்டார்கள் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு. மனநல மருத்துவனாக நான் கண்டவரை, முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். சொல்லப்படாதவர்கள் ஐந்தாம் நாளே மாத்திரை அட்டையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் மருந்து வேலைசெய்யும் விதத்திலேயே இருக்கிறது. இன்று அதிகம் எழுதப்படும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்ஸெட்டின் போன்றவை செரட்டோனின் என்னும் வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டுகின்றன. நம் உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. எனவே, மாத்திரையின் வரவை முதலில் உணர்வது வயிறு. குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, உள்ளூர ஒரு படபடப்பு ஆகியவை முதல் வாரத்திலேயே வந்துவிடும். மனம் தெளிவடையவோ இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அறுவடைக்கு முன்பே வரி கட்டச் சொல்வது போன்றது இது. ஏற்கெனவே நம்பிக்கை இழந்து வந்திருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லாமல் அனுப்பினால், ‘மருந்தும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்றுதான் அவர் முடிவு செய்வார். இந்தக் குமட்டல் பெரும்பாலானோருக்கு ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். உணவுக்குப் பின் சாப்பிடுவதும், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதும் உதவும்.

இளம் வயதினர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 2004-இல் அமெரிக்க உணவு - மருந்து நிர்வாகம், இம்மருந்துகள் சிறார், பதின்வயதினரிடம் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிட வைத்தது. 2007-இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. ஆய்வுகளில் வெற்று மாத்திரை பெற்ற சிறாரில் 100-க்கு இருவருக்கும், மருந்து பெற்றவர்களில் 100-க்கு நால்வருக்கும் அத்தகைய எண்ணமோ நடத்தையோ தோன்றியது. அந்த ஆய்வுகளில் எவரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை. சிகிச்சை பெறாத மனச்சோர்வும் உயிரைப் பறிக்கும் என்பதால், இதை மருந்தைத் தவிர்க்கச் சொல்லும் அறிவிப்பாகப் படிப்பது தவறு. முதல் சில வாரங்களில் பிள்ளை உட்கார முடியாமல் தவிக்கிறதா, தூக்கத்தை இழந்து எரிந்துவிழுகிறதா என்று வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி இருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது.

முதியவர்களின் சிக்கல் வேறு. இம்மருந்துகள் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைத்துவிடும். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் ஆபத்து கூடும். திடீரென்று தடுமாறும், பேச்சு குழறும் தாத்தாவுக்கு ‘வயதாகிவிட்டது’ என்று வீட்டார் பெயர் சூட்டிவிடுகிறார்கள். எளிய ரத்தப் பரிசோதனை ஒன்று உண்மையைச் சொல்லிவிடும். மூட்டுவலிக்காக டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிடுவோருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பும் உயர்கிறது.

எவரும் வாய்விட்டுச் சொல்லாத பக்கவிளைவு ஒன்று உண்டு. தாம்பத்திய நாட்டம் குறைவதும் உச்சநிலை தாமதமாவதும் இம்மருந்துகளில் மிகப் பரவலானவை. குமட்டலைப்போல இவை தாமாக மறைவதும் குறைவு. ஆண்கள் சுற்றிவளைத்தாவது கேட்டுவிடுகிறார்கள். பெண்களோ, நானாகக் கேட்டாலன்றிச் சொல்வதே இல்லை. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு இக்குறை நீடிப்பதாகத் தகவல்கள் வந்ததால், அதை மருந்துக் குறிப்புத்தாளில் சேர்க்கும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் அறிவுறுத்தியது. அது தெரிந்தே ஒருவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கட்டும்.

நிறுத்துவதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நம் ஊரில் மாத்திரைகள் நிற்பதற்கு மருத்துவக் காரணம் அரிதாகவே இருக்கும். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் மாத்திரை நின்றுவிடும்; மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. மூன்றாம் நாள் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு, காரணமில்லாத அழுகை, விசித்திரக் கனவுகள். ‘பார்த்தாயா, அடிமையாக்கிவிட்டது’ என்பார் அம்மா. மதுவைப்போல மேலும் மேலும் கேட்கும் வேட்கை இங்கே இல்லை. மருந்துக்குப் பழகிய நரம்பு மண்டலம் திடீர் இழப்பில் தடுமாறுகிறது. பராக்செட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றில் இது கடுமை; உடலில் நெடுநாள் தங்கும் ஃபுளூவாக்ஸெட்டினில் குறைவு. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடர்ந்து, பின்னர் வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. கருத்தரித்தது தெரிந்த அன்றே பதறி நிறுத்துவதும் இப்படித்தான் கெடுதலாகிறது; குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசினால், எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்று நிதானமாக முடிவெடுக்கலாம்.

அருகில் மனநல மருத்துவர் இல்லாத ஊர்களில் இருப்போர், நிறுத்தும் முன்போ நிறுத்தித் தவிக்கும்போதோ அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். இரவிலும் எடுப்பார்கள்; தமிழிலும் பேசுவார்கள்.