பேயும் சாட்சி சொல்லும்

நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டி வீதி வழியே வடக்கே சென்றால் தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தை அடையலாம். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நிகழும் அதன் திருவிழாக்களுக்குக் கத்தோலிக்கர் மட்டுமன்றி ஏனைய சமயத்தாரும் வருவர். இத்தகைய யாத்திரைத் தலங்களுக்குப் பேய்பிடித்தவர் எனக் கருதப்படுவோரை அழைத்துச் செல்லும் வழக்கமும் இலங்கையில் உண்டு.

பேய் என்றால் தீமை; இதில் ஐயம் எதற்கு என்பர் பலர். வேதாகமம் அத்துணை எளிதாக விடை கூறவில்லை. யோபு ஆகமத்திலே சாத்தான் இறைவன் சந்நிதியில் வந்து நிற்கிறான். அனுமதி பெற்ற பின்னரே யோபுவைத் துன்புறுத்துகிறான். மாற்கு சுவிசேஷத்தில், யேசு யாரென்பதைச் சீடர் அறியுமுன்னரே அறிந்து கூவுவது ஓர் அசுத்த ஆவி! கிரேக்கரின் ‘தைமோன்’ என்ற சொல்லோ ஆதியில் நன்மைக்கும் தீமைக்கும் பொது. மாந்திரீகரைக் கேட்டால் கதை இன்னும் விநோதம். சாலமோன் அரசன் பெயரால் 17ஆம் நூற்றாண்டில் வழங்கிய ஏடொன்று 72 பேய்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றுட் சில தர்க்கமும் வானநூலும் மூலிகைக் குணமும் கற்பிக்குமாம். சம்பளம் கேளாத ஆசிரியர்கள்!

நிற்க. நம் நாட்டிலேயே, கேகாலைப் பகுதியிலுள்ள குடாகம என்னும் கத்தோலிக்கத் தலத்தில் 1970களில் பேயோட்டுதல் பெரும் புகழ் பெற்றிருந்தது. மானிடவியலறிஞர் ஆர். எல். ஸ்டிரட் 1992இல் வெளியிட்ட தம் நூலில் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். அங்கே சிலுவையின்முன் அலறிய பேய்கள் தம் பெயரைச் சொல்லின; மாதாவின் வல்லமையையும் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டன. பொய்யின் பிதா எனப்படுவோனின் பரிவாரம் மெய்க்குச் சாட்சி! அப்பெயர்களுள் ஒன்று காளி. நாம் தாயெனத் தொழும் பெயர் அங்கே பேயின் பெயராயிற்று. இதனை வாசித்தபோது என் மனம் வருந்தியதை மறைப்பானேன்? எனினும் நம் மரபிலும் பேய் என்ற சொல் ஒரே நிறத்ததன்று. சிவனைப் பாடிய காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே அழைத்துக்கொண்டார்.

ஆனால் பெயரைவிட என்னை உறுத்துவது வேறொன்று. குடாகமவுக்குக் கொண்டுவரப்பட்டோருள் இளம் பெண்கள் மிகுதி. வீட்டில் எழும் பிணக்கும் திருமணம் பற்றிய மறுப்பும் பல வேளைகளில் பேயின் செயலாகக் கொள்ளப்பட்டன. தந்தையின் எதிரில் வாய் திறவாத மகள், பேயின் குரலில் எதனையும் சொல்லலாம், குற்றம் பேயினுடையது. பேய் நீங்கியதற்கு அடையாளமோ, அவள் மீண்டும் பெரியோர் சொற்படி நடப்பது.